ஆடினால்தான் நிற்கும்

தமிழில் 'முட்டுக்கட்டை' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்கிறவனுக்கு, "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று பட்டம் சூட்டி விடுகிறோம். ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர்; அவர்களுக்குப் புண்ணியம் உண்டு; பானகமும் நீர்மோரும் உண்டு. சக்கரத்தின் காலடியில் குனிந்து, உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகிவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் கையை இழுத்துக்கொள்கிறாரே ஒருவர், அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேரை வளைத்துத் திருப்புவது அவர், நிறுத்துவதும் அவர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை ஓய்ந்துவிடவில்லை.

மோட்டார் சைக்கிள் விஷயமும் இப்படித்தான். வண்டி வாங்கக் கடைக்கு வருகிற வாலிபர்களைக் கவனித்திருக்கிறேன். எத்தனை 'சி.சி.' என்று கேட்கிறார்கள். என்ன வேகம் போகும் என்று கேட்கிறார்கள். பெட்ரோல் எத்தனை கிலோ மீட்டர் கொடுக்கும் என்று அப்பாமார்கள் கேட்கிறார்கள். "அறுபதில் போனால் எத்தனை அடிக்குள் நிற்கும்?" என்று கேட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது!

அந்தப் பெருமையில்லாத விஷயத்தைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். நாவல் எழுதுகிறவனுக்குப் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் சிரிக்கக் கூடும். என் நாவல்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்பதில்லை என்று விமரிசகர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு!

பழைய வண்டிகளில் பிரேக் என்பது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். 'டிரம்' என்பார்கள். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு 'ஷூ'க்கள், மிதித்தால் அவை விரிந்து குடத்தின் உட்சுவரைத் தேய்க்கும், சக்கரம் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடிய சமையலறையில் அடுப்பு எரிகிற மாதிரி, சூடு வெளியே போக வழியில்லை. மலையிறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சோர்ந்துவிடும். இதற்கு மாற்றாக, சக்கரத்தோடு ஒரு தட்டைப் பொருத்தி அதை இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடித்து நிறுத்தும் யோசனைக்கு 1902-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை தோன்றுவதற்கும் உலகம் அதை ஏற்பதற்கும் நடுவே எப்போதும் ஒரு தலைமுறை தூங்கிவிடுகிறது. 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் கார்க்காரர்கள் கண் விழித்தார்கள். மோட்டார் சைக்கிளில் 1969-இல் வந்த ஹோண்டா சி.பி.750, முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கைச் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் காய்கறி வாங்கப் போகிற வண்டியிலும் அந்தப் பளபளப்பான தட்டு சுழலுகிறது.

அந்தத் தட்டு படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குத்தான். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ. மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகம். அதாவது நொடிக்கு 20 மீட்டர். இதை நிறுத்த வேண்டுமானால் 50,000 ஜூல் சக்தியை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். பிரேக் அதை வெப்பமாக மாற்றிக் கொட்டுகிறது. ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை, 150 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். சிறிது மிச்சம்கூட இருக்கும். ஒரு தடவை பிரேக் பிடித்தால் ஒரு டம்ளர் காப்பிக்கு வெந்நீர்!

தட்டையான சாலையில் இது பெரிதில்லை. மலைச் சாலையில் என்ன ஆகிறது? குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். மேலேயிருந்து அதே வண்டி கீழே வந்து சேருவதற்குள் எண்பது டம்ளருக்கு மேல் வெந்நீர் போடும் வெப்பம் வெளிப்படுகிறது. கீழ் கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக்கின் தலையில்தான்.

இரும்பு சூடானால் பெருகும் என்பதை மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட கொல்லர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பட்டையை வரட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பெருத்த நிலையில் மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள், சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பிரேக் தட்டிலும் அதே கதைதான், தலைகீழாக. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்குத் தட்டு 300 டிகிரி சூடு ஏறினால் விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பெருகும். ஓரம் பெருக விரும்புகிறது. நடுப்பகுதி குளிர்ந்த சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. வெளியே போக முடியாத ஓரம் என்ன செய்யும்? பக்கவாட்டில் கோணிக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டு தாம்பாளம் போல் குழிந்துவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம்தான் 'மிதக்கும் டிஸ்க்'. இந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்குத் தெப்பத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் எது, எதன்மேல் மிதக்கிறது? பிறகு யோசித்துப் பார்த்தால் உவமை ஒன்றும் மோசமில்லை. தெப்பம் கயிற்றுக்குக் கட்டுப்பட்டுக் குளத்தைச் சுற்றி வருகிறது. ஆனாலும் அலைக்குத் தகுந்தபடி கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது. இந்தத் தட்டும் அப்படித்தான். இதை இரண்டு துண்டாகச் செய்கிறார்கள். வெளியே உருக்கு வளையம். பேட் கவ்வுவது இதைத்தான். உள்ளே அலுமினியத்தில் ஒரு தாங்கி. சக்கரத்தோடு போல்ட் போடுவது இதைத்தான். இரண்டுக்கும் நடுவே எட்டோ பத்தோ சிறு உருளைகள். 'பாபின்' என்று பெயர். தையல் மிஷின் பாபினுக்குத் தம்பி என்று சொல்லும்படியான உருவம். அதோடு அலை போல் நெளிந்த ஒரு ஸ்பிரிங் வாஷர், கழன்றுவிடாமல் ஒரு கிளிப். வளையம் சூட்டில் பெருகினால் பாபின்களுக்கு இடையே கிடைக்கும் மயிரிழை இடைவெளியில் பெருகிக்கொள்ளும். பேட்கள் இரண்டு பக்கமும் கவ்வும்போது நடுவில் தானாக வந்து நின்றுகொள்ளும். நிறுத்துகிற கருவிக்குக் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தால்தான் நன்றாக நிறுத்துகிறது என்பது எனக்கு வியப்பான செய்தி.

கொடுத்த ஆட்டத்துக்கு ஒரு விலை உண்டு. அது சத்தம் போடும். அந்தச் சத்தத்தினால்தான் நான் இந்தச் சாஸ்திரத்தை எல்லாம் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையின் மகன் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறான். வாரம் இரண்டு முறை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் போய் வர வேண்டும். அதற்காக ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். நாலாம் வருஷத்தில் அதன் முன் சக்கரத்திலிருந்து, மெதுவாகப் போகும்போதும் மேடு பள்ளத்தில் இறங்கும்போதும், 'கிளிக் கிளிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

அதை முதலில் கேட்டது அவன் அல்ல, என் தங்கை. அவளுடைய காதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. காலமாகிவிட்ட என் மைத்துனர் ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் ஒருவர். "நல்ல இரும்பு பாடும், விரிசல் கண்ட இரும்பு முனகும்" என்பது அவருடைய வேதம். கலியாணமான புதிதில் வீட்டிலுள்ள அண்டா குண்டாக்களை எல்லாம் தட்டிக் காட்டி மனைவிக்குப் பாடம் நடத்தினாராம். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பாடம் மட்டும் இவளிடம் இருக்கிறது.

"அண்ணா, அந்த வண்டி முனகுகிறது. அவன் கேட்டால் சிரிக்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள் டெலிபோனில். அவள் எதற்காகவும் என்னிடம் முறையிடுகிறவள் அல்ல. மைத்துனர் காலமானபோதுகூட, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஆயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள். அதனால் நான் மறுநாளே ரயில் ஏறினேன்.

போனால், அங்கே ஏற்கனவே ஒரு வைத்தியம் நிச்சயமாகிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ஓர் இளம் மெக்கானிக். சுறுசுறுப்பான பையன். "பாபின் எல்லாம் லூசாயிடுச்சுங்க. பஞ்ச் வெச்சு நாலு தட்டுத் தட்டி, கொஞ்சம் பசையும் ஊத்தி இறுக்கிட்டா அப்புறம் மூச்சே விடாது" என்று சொல்லியிருந்தான். என் தங்கைக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சத்தம் நிற்கும், செலவும் குறைவு.

"அம்மா, அது ஆடுவதற்காகவே வைத்திருக்கிறார்கள். இறுக்கிவிட்டால் சூட்டில் டிஸ்க் கோணிவிடும்" என்றான் மருமகன்.

"ஏண்டா, எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு நடுவே இடம் விட்டிருப்பார்கள், வெயிலில் நீளும் என்று. இப்போது மைல் கணக்கில் ஒட்ட வைத்துவிடுகிறார்களே! அது கோணிக்கொண்டா கிடக்கிறது?"

நல்ல கேள்வி. ரயில்வேக்காரர் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாது. மருமகன் வாயடைத்துப் போனான். எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. அதற்கான பதில் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உக்கடம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், ஒரு பெரியவரிடம் கிடைத்தது.

அந்தப் பெரியவர் முன்னொரு காலத்தில் நூற்பு ஆலையில் பிட்டராக இருந்தவராம். அதிகம் பேசமாட்டார். தங்கையின் கேள்வியை நான்தான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "தண்டவாளத்துக்கு வெயில் சூடுதானுங்களே? காலையிலே தொட்டா குளிரும், மத்தியானம் கை சுடும். அவ்வளவுதான். அதையும் சிலீப்பரு, ஜல்லி எல்லாம் போட்டு நகராம அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. அப்படியும் கோடையிலே எங்கியாச்சும் முறுக்கிக்குதான்னு ஆளு நடந்து பாக்கறாங்க. இந்தத் தட்டு அடுப்புச் சூடு வாங்குதுங்க. இதை அமுக்கிப் பிடிக்க எந்த ஜல்லியைக் கொட்டறது?"

பிறகு அவர் செய்த காரியங்களை எல்லாம் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நல்ல வைத்தியர் முதலில் நாடி பார்ப்பதைப் போல், முதலில் அவர் ஒரு ஸ்பானரையும் தொடவில்லை. மருமகனை வண்டிமேல் உட்காரச் சொல்லி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். தாம் ஒரு விரலை வளையமும் தாங்கியும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டார். 'கிளிக்' என்பது அங்கிருந்து வந்தால் விரலில் தெரியும். விரலில் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்டால், பேட் காலிபருக்குள் அசைகிறது, அல்லது ஹேண்டில் பாரின் கழுத்திலுள்ள பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றும் ஒரே மாதிரி சத்தம் போடும். வைத்தியம் வேறு வேறு.

"கையிலே ஏதாச்சும் துடிக்குதா தம்பி, பிரேக் பிடிக்கறப்ப?" என்று கேட்டார்.

மருமகன் கொஞ்சம் தயங்கினான். அம்மா பக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, "போன வாரம் பர்லியாறு தாண்டி இறங்கும்போது லீவர் விரலை விரலைத் தட்டியது. கீழே வந்து ஆறினதும் சரியாகிவிட்டது" என்றான்.

பெரியவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். வாளியில் சோப்புத் தண்ணீர், ஒரு நைலான் பிரஷ். பிரேக் தூளை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாதாம். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்திலேயே கழுவ வேண்டும். காய்ந்த பிறகு பிரேக்குக்கென்று விற்கிற கிளீனரைத் தெளித்துத் துடைத்தார். "எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பாபின் சுலபமாகச் சுற்றாதா?" என்று நான் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பாபினில் விட்ட எண்ணெய் சக்கரம் சுற்றும்போது வெளியேதான் ஓடும். வெளியே இருப்பது பேட் தேய்கிற இடம். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பிரேக்கில் எண்ணெய்க்கு வேலையே கிடையாது.

கழுவி முடித்ததும் பாபின்களை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தார். மொத்தம் பத்து. ஏழு ஒழுங்காகச் சுற்றின. ஒன்று தாராளமாக ஆடியது. சத்தம் போட்டது அதுதான். மீதி இரண்டும் அசையவே இல்லை. மழைத் தண்ணீரும் துருவும் பேட் தூளும் சேர்ந்து சிமென்டு மாதிரி இறுகியிருந்தன. அந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தன.

"பாத்தீங்களா ஐயா" என்றார். "சத்தம் போட்டவன் நோயாளி இல்லீங்க. வாயைத் திறக்காம உக்காந்திருக்கானுக பாருங்க, இவனுக ரெண்டு பேருதான்."

இறுகிப்போன இரண்டு பாபின்கள் இருந்த பக்கம் வளையத்தால் பெருக முடியவில்லை. மற்ற பக்கம் பெருகியது. அதனால்தான் பர்லியாற்று வளைவில், தட்டு நன்றாகச் சூடேறிய நேரத்தில், அது நெளிந்து லீவரைத் தட்டியிருக்கிறது. கீழே வந்து ஆறினதும் பழையபடி படிந்துவிட்டது. அந்த இளைஞன் சொன்னபடி பஞ்ச் வைத்துத் தட்டியிருந்தால் இரண்டுக்குப் பத்தாகியிருக்கும். வீட்டில் நிசப்தமாக இருந்திருக்கும். அடுத்த புதன்கிழமை இவன் அதே இறக்கத்தில் இறங்கியிருப்பான். முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகில் சில்லென்றது.

பெரியவர் ஒரு போல்ட்டை எடுத்தார். பழைய சைக்கிள் டியூபிலிருந்து காசு அளவுக்கு இரண்டு வட்டம் கத்தரித்து நடுவில் துளை போட்டார். இறுகிய பாபினின் நடு ஓட்டையில் போல்ட்டைச் செருகி, இரு பக்கமும் ரப்பர் வட்டம், வாஷர், பிறகு நட்டு. இறுக்கினால் ரப்பர் பாபினைக் கவ்விக்கொள்கிறது. ஸ்பானரை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினார். 'க்ரீச்' என்று ஒரு முனகல், கொஞ்சம் செம்மண் நிறத்தில் தூள், பிறகு கிளீனர், மறுபடி திருப்பல். கால் மணி நேரத்தில் ஒன்று விடுபட்டது. இரண்டாவது விடுபட்டது, ஆனால் அதன் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது.

பிறகு அளவு. மைக்ரோமீட்டரால் வளையத்தின் தடிமனைச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். தட்டிலேயே குறைந்தபட்சத் தடிமன் இவ்வளவு என்று பொறித்திருக்கிறார்கள்; இந்த வண்டியில் 4 மில்லிமீட்டர். எங்களுக்கு எட்டு இடத்திலும் 4.2 இருந்தது. ஓரத்தில் தேயாத விளிம்பு கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அந்த விளிம்பின்மேல் வைத்து அளந்தால் தட்டு நம்மிடம் பொய் சொல்லும் என்றார். அடுத்து டயல் கேஜின் முனையைத் தட்டின்மேல் வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தது. வண்டியின் கையேட்டில் 0.3 வரை அனுமதி. தட்டு நிரந்தரமாகக் கோணவில்லை. சூட்டில் மட்டும் கோணியிருக்கிறது. சமயத்தில் வந்து சேர்ந்தோம்.

தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று மருமகன் கேட்டான். கூடாது என்றார் பெரியவர். பத்தும் ஒரே வயசு. இரண்டு மட்டும் புதிதாக இருந்தால் அவற்றின் இடைவெளிதான் குறைவாக இருக்கும். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் பாரம் முழுவதும் அவற்றின்மேல் முதலில் விழும். கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கிற பிள்ளையின் கதிதான்! மேலும் இந்த வண்டியில் பாபின்கள் கிளிப் போட்டவை, பிரித்து மாற்றலாம். சில தட்டுகளில் அவற்றை ஆணி அறைந்தாற்போல் தட்டி மூடியிருப்பார்கள். அவை தேய்ந்தால் தட்டு முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. உளி வைத்துத் திறந்து பார்க்கிற வீரத்தை அங்கே காட்டக் கூடாது.

புது பாபின்கள் வந்து சேரச் செவ்வாய்க்கிழமை ஆயிற்று. அதுவரை வண்டி கொட்டகையிலேயே இருந்தது. பழைய கிளிப்புகளை மறுபடி போடாமல் புதியவற்றையே போட்டார். அலுமினியத் தாங்கியின் துளைகள் முட்டை வடிவத்தில் நீண்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீண்டிருந்தால் தாங்கியும் கழிவுதானாம். தட்டைச் சக்கரத்தில் பொருத்துவதற்கு முன் தட்டு உட்காரும் முகத்தை ஒரு பூஜைப் பாத்திரத்தைத் துலக்குவது போல் துலக்கினார். அங்கே ஒரு துருப் பொடி தங்கினால் தட்டின் ஓரத்தில் அது பல மடங்காகத் தெரியும். போல்ட்டுகளுக்கு, அதிர்வில் கழலாமலிருக்க ஒரு துளி மருந்து. பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி, அளவு காட்டும் ஸ்பானரால் படிப்படியாக முறுக்கினார். இவ்வளவு நேரமும் காலிபரை ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது தன் சொந்தக் குழாயில் தொங்கக் கூடாது.

எல்லாம் முடிந்து மருமகன் சாவியை எடுத்ததும் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்லே லீவரை அமுக்குங்க தம்பி. கெட்டியாகிற வரைக்கும் அமுக்குங்க." பேட்களைப் பின்னுக்குத் தள்ளி மாட்டியிருப்பதால், முதல் அழுத்தலில் பிரேக் கைக்கு அகப்படாது. மூன்று நாலு தடவை அழுத்திய பிறகுதான் வந்து சேரும். இந்த ஒன்றை மறந்துவிட்டு, பழுது பார்த்த கடையின் வாசலிலேயே போய் மோதிக்கொள்கிறவர்கள் உண்டாம். பிறகு காலிச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுக்க நிறுத்தாமல் பல தடவை மென்மையாகப் பிரேக் பிடித்து, பேட்டுக்கும் தட்டுக்கும் பழக்கம் ஏற்படுத்தச் சொன்னார். புதுச் சம்பந்திகளை முதல் நாளே சண்டைக்கு விடக்கூடாது அல்லவா?

வாசகர்களில் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டியைக் கழுவுகிற அன்று பாபின்களையும் பிரஷால் கழுவுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் போல்ட்டும் ரப்பர் வட்டமும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். லேசான கிளிக் சத்தம் இந்தத் தட்டுக்கு இயற்கை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று இடித்தால் பாபின் தேய்ந்துவிட்டது. லீவர் விரலைத் தட்டினால் அன்றைக்கே நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம்; அந்த வண்டிகளில் சக்கரம் வழுக்கும் நிலை வரும்போது லீவர் துடிப்பது சகஜம். சாதாரணமாக, மெதுவாக நிறுத்தும்போதே துடித்தால் அது வேறு.

புதன்கிழமை காலை மருமகன் குன்னூருக்குக் கிளம்பினான். நான் வாசலில் நின்றேன். பாபின் புதிதானாலும் அது மிதக்கிற தட்டுத்தான். தெருமுனை மேட்டில் ஏறி இறங்கும்போது மெல்லிசாக ஒரு 'கிளிக்' கேட்டது. தங்கை என்னைப் பார்த்தாள். கொட்டகையில் நான் கண்டதை எல்லாம் அப்போதுதான் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். சத்தம் போட்டது தப்பில்லை, சத்தம் போடாத இரண்டுதான் ஆபத்து என்பதையும், பெரியவர் அதைச் சொன்ன விதத்தையும் சொன்னேன். பர்லியாற்று விஷயத்தை மட்டும் அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, பத்து வருஷமாகப் பேசாமலிருந்த சில விஷயங்களைப் பற்றி அன்றைக்குப் பேசினாள். மத்தியானம் வரைக்கும் பேசினாள். மைத்துனரின் கடைசி நாட்களைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, அன்றைக்குக் காப்பி ஆயிற்றா என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது தன் மனசு எங்கே இருந்தது என்பதைப் பற்றி. நான் நடுவே ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

"கேட்கிறது அண்ணா" என்றாள். "இனிமேல் அது கேட்காமல் போனால்தான் உங்களுக்குப் போன் பண்ணுவேன்."